புரட்டாசியில் பூத்த கொன்றை



கிழக்கேகோட்டையை அடுத்து வாழும் நமக்கு வாய்த்த தோட்டம் சுவரோரத்து நாலு முழ மண்தான். அதில் செம்பருத்தி, நந்தியாவட்டை, பிச்சி. மூலையில் ஒரு சரக்கொன்றை. 2023ஆம் ஆண்டு ஆவணியில் மழை பொய்த்தது. 1901 முதல் உள்ள கணக்கில், கேரளத்தில் அவ்வளவு குறைந்த மழை பெற்ற ஆகஸ்டு மாதம் வேறில்லை. புரட்டாசி வெயில் சித்திரை வெயிலாகக் காய்ந்தது. சித்திரை விஷுவுக்குக் கனி காண வேண்டிய கொன்றை அப்போதே சரம் சரமாகத் தொங்கிற்று.

நமக்கு மகிழ்ச்சிதான். பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவி கோட்டைக்குள் எழுந்தருளிய நவராத்திரிக்கு, வீட்டுக் கொலுவில் பொன்மலர் சார்த்தினோம். ஆனால், “காலமல்லாக் காலத்தில் பூத்த மரம் குடிக்கு ஆகாது, வெட்டிவிடுங்கள்” என்று பெரியவர் சிலர் எச்சரித்தனர். வெட்டுக்கத்தியும் வந்துவிட்டது.

குறுந்தொகையின் 66ஆம் பாட்டைப் பெரியவர்களுக்கு நினைவூட்டினோம். கார்காலத்தில் மீள்வேன் என்ற தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. பருவமல்லா மழையைக் காரென மயங்கிப் பூத்த பேதை மரம் இது என்று தோழி தேற்றுகிறாள். பழியை மரத்தின்மேல் போட்டாளேயன்றி, வெட்டச் சொல்லவில்லை! சங்கப் புலவர் கொன்றையைக் கார்கால மலராகவே பாடினர் என்பது உண்மையே. நம் முற்றத்தில் பூத்தது மழையால் அன்று, மழையின்மையால்.

செவ்வந்தி இரவின் நீளம் அறிந்து மொட்டு விடும். கொன்றைக்கு வறட்சியும் வெப்பமுமே அழைப்பு. அவ்வாண்டு உலக முழுமைக்கும் அதுவரை கண்டவற்றுள் மிக வெப்பமான ஆண்டு. 2024 அதனையும் விஞ்சியது. மரம் என் செய்யும்? நேரத்துக்கு முன்னே வந்து நிற்கும் வண்டியும், ரயில்வேக்காரராகிய நமக்குத் தாமத வண்டியைப் போலவே தொல்லைதான்.

அடுத்த சித்திரையில் அம்மரம் நாலைந்து கொத்தே தந்தது. சாலைக் கடைத்தெருவில் விலை கொடுத்து வாங்கினோம். அங்கே பிளாஸ்டிக் கொன்றையும் விற்கிறார்கள். அதற்கு வெயிலுமில்லை, மழையுமில்லை.

மரம் பிழைத்தது. 2010இல் தொடங்கிய சீசன்வாட்ச் என்னும் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகள் வாரந்தோறும் ஒரு மரத்தின் இலை, பூ, காய்களைக் குறித்து அனுப்புகின்றனர். நம் காலனிச் சிறுவரும் அவ்வாறே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகின்றனர். பிறந்த தேதியைக் கேட்டால் விழிக்கும் பையனும், கொன்றை மொட்டு விட்ட தேதியைத் தவறாமல் சொல்கிறான். அந்த நோட்டுப் புத்தகம் இன்று வாயிலருகே மேசைமேல் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள்.