ஹம்பியின் கல்லும் ஹம்பியின் ஜனங்களும்

(உழைப்பாளர் கூட்டம் ஒன்றில் பேசியது)



மடியிலே ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். 2017ல் வந்த நீல நோட்டு. பின்பக்கத்தில் ஒரு கல் தேர் தெரியும். கர்நாடகத்தில், துங்கபத்திரைக் கரையிலே, ஹம்பியில் உள்ள விட்டலர் கோயில் தேர் அது.

"பழங்கல்லைப் பற்றி நமக்கென்ன பேச்சு? பஞ்சப்படியைப் பற்றிப் பேசுங்கள்" என்று ஒரு மில் தோழர் வரும்போதே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கல்லைச் சுற்றி நம்மைப் போன்ற ஜனங்கள் குடியிருக்கிறார்களே! அதனால்தான் பேசுகிறோம்.

ஹம்பி, 1336ல் எழுந்த விஜயநகர சாம்ராஜ்யத்தின் தலைநகரம். 1565ல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் நகரம் சூறையாடப்பட்டது. ராஜாக்கள் போனார்கள். அரண்மனைகளில் அடித்தளம்தான் மிச்சம். ஆனால் அவர்கள் காலத்து வாய்க்கால்கள் போய்விடவில்லை! ஆற்றின் குறுக்கே கல் அடுக்கிக் கட்டிய அணைகளிலிருந்து பிரியும் அந்த வாய்க்கால்களில் பல இன்றைக்கும் ஓடுகின்றன. துர்த்தா வாய்க்கால் என்று ஒன்று. கோயில் பகுதிக்கும் அரண்மனைப் பகுதிக்கும் நடுவிலே ஓடுகிறது. அதன் பாசனத்திலே வாழையும் நெல்லும் கரும்பும் விளைகின்றன.

ராஜா போன பிறகு இந்த நானூற்றைம்பது வருஷமாக அதைத் தூர் வாரியது யார்? உடைப்பெடுத்த கரையை அடைத்தது யார்? ஒரு வாய்க்காலைப் பத்து வருஷம் தூர் வாராமல் விட்டால் என்ன கதியாகும் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அரண்மனை பாழானது, வாய்க்கால் பிழைத்தது. கைபட்டதால் பிழைத்தது.

1986ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஹம்பியை உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்தது. நல்ல காரியம். இல்லாவிட்டால் கல் உடைக்கிறவனும் புதையல் தோண்டுகிறவனும் விட்டு வைத்திருக்க மாட்டான். ஆனால் ஜனங்களுக்கு என்ன நடந்தது?

விரூபாட்சர் கோயிலுக்கு முன்னால் முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய பஜார் வீதி. இரண்டு பக்கமும் கல் மண்டபங்கள். போக்கிடமில்லாத குடும்பங்கள் அங்கே குடியேறி, பூவும் தேங்காயும் டீயும் இட்டிலியும் விற்றுப் பிழைத்தார்கள். தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் எழுப்பினார்கள், சிமெண்டு பூசினார்கள். கல்லுக்குச் சேதம் உண்டுதான். அதை மறைத்துப் பேசினால் நம் பேச்சு எடுபடாது. ஆனால் 2011 ஜூலைக் கடைசியில், ஹைக்கோர்ட் உத்தரவைக் காட்டி, முன்னூறு குடும்பங்களுக்கு மேல் தெருவில் நிறுத்தினார்களே, அதுதான் அநியாயம்! பாத்திரம் பண்டம் எடுக்கக்கூட ஒழுங்காக அவகாசம் இல்லை. தூண் அசையாமல் காக்க வேண்டிய இடத்துக்குள் மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்து இடித்தார்கள். கட்டிராம்புரம் என்ற இடத்தில் மாற்று மனை என்றார்கள். கோயிலும் யாத்திரிகரும் ஓரிடம், கடைக்காரன் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி வேறிடம். தேங்காயை யாரிடம் விற்பான்?

பாலத்தின் கதை இன்னும் கொடுமை. ஆற்றுக்கு அக்கரையில் ஆனேகுந்தி. ஜனங்கள் பரிசலில்தான் கடக்க வேண்டியிருந்தது. வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. பாலம் கேட்டார்கள். கட்டத் தொடங்கியதும், பழஞ்சின்னத்தின் நடுவே பாலமா என்று 1999ல் ஹம்பியை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ. வேலை நின்றது. 2006ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மறுபடி வேலை நடந்தபோது, 2009 ஜனவரியில் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது. வேலை செய்த தொழிலாளர்கள் மாண்டார்கள். கல்லைக் காக்கும் நிபுணர்களையும் ஆற்றைக் கடக்கும் ஜனங்களையும் ஆரம்பத்திலேயே ஒரே பாயில் உட்கார வைத்திருந்தால், வேறு இடம் பார்த்திருக்க முடியாதா?

இது நம்முடைய புதுக் கோரிக்கை அல்ல. 1972ல் செய்த உலகப் பாரம்பரிய ஒப்பந்தமே, பழஞ்சின்னத்துக்கு ஜனசமூகத்தின் வாழ்க்கையில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. 1977ல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. 2007ல் யுனெஸ்கோ கமிட்டி, சமூகங்களின் பங்கையும் தன் அடிப்படை லட்சியங்களில் சேர்த்தது. காகிதத்தில் நாம் இருக்கிறோம். பஜாரிலே மட்டும் காணோம்!

ஹம்பி தூரத்திலா இருக்கிறது? மாமல்லபுரம் 1984ல் பதிவானது, தஞ்சைப் பெரிய கோயில் 1987ல். தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004ல். அங்கெல்லாம் நம் ஜனங்கள் இருக்கிறார்கள். 2010ல் திருத்திய சட்டப்படி, மத்திய சர்க்கார் பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புது வீடு கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். உள்ளே இருக்கும் பழைய வீட்டைப் பழுது பார்க்கவும் மனுப் போட வேண்டும். ஒழுகுகிற கூரைக்கு மனு! மழை காத்திருக்குமா?

அதே சட்டத்தில் நமக்கு ஒரு வாசலும் இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனி விதிகள் எழுத வேண்டும். நகலை வெளியிட்டு ஜனங்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும். முப்பது நாள் அவகாசம் தருகிறார்கள். ஆகவே கோயிலடித் தெருவில் குடியிருக்கும் தோழர்கள், படித்த பிள்ளைகளை விட்டு அந்த நகல் வந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்திருந்தால் தெருவைக் கூட்டிப் படியுங்கள். எத்தனை வீடு, எந்த வாய்க்கால், எந்தக் கடை என்று எழுதி, கையெழுத்து வாங்கி, முப்பது நாளுக்குள் அனுப்புங்கள். எழுதிக் கொடுக்க ஆள் இல்லையென்றால் நம் ஆபீசுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.