மாத்திரையின் அளவு குறைந்த வரலாறு

கேரளத்தின் பொன்முடி மலை அடிவாரத்து வித்துரா, போணக்காடு பகுதிகளில் ஆஷா பணியாளர்கள் வழியாகக் கிடைக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். 21 ஹார்மோன் மாத்திரைகள், மீதி 7 இரும்புச்சத்து. ஒவ்வொரு ஹார்மோன் மாத்திரையிலும் புரோஜெஸ்டின் வகையான லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், ஈஸ்ட்ரோஜன் வகையான எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம். பெண்கள் சொன்ன உபாதைகளை மருத்துவ உலகம் காலம் கடந்தாவது எண்ணிப் பார்த்ததால்தான் இந்தச் சிறிய அளவு வந்தது. 1956-இல் போர்ட்டோ ரிக்கோவில் கருத்தடை மாத்திரையின் முதல் பெரிய சோதனையை நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, நூற்றுக்கு 17 பெண்களுக்குக் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி போன்ற தொல்லைகள் இருப்பதாக எழுதினார். எல்லோருக்கும் கொடுக்கத் தக்கதல்ல என்றும் சொன்னார். அதை மனப்பிரமை என்று ஒதுக்கினார்கள். 1960-இல் அமெரிக்கா அனுமதித்த ஈனோவிட் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருள் மட்டும் 0.15 மில்லிகிராம். அடுத்த ஆண்டே ரத்தக்கட்டு பற்றிய செய்தி வந்தது. பிரிட்டன் ஆய்வாளர்கள் கணக்கெடுத்து ஈஸ்ட்ரோஜனின் அளவுக்கும் ரத்தக்கட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். ஈஸ்ட்ரோஜன் 0.05 மில்லிகிராமுக்கு மேற்பட்ட மாத்திரைகளைத் தவிர்க்கும்படி 1969 டிசம்பரில் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியது. 1970-இல் மாத்திரையின் பாதுகாப்பு பற்றிய அமெரிக்க செனட் விசாரணையில் மாத்திரை சாப்பிட்ட பெண்களைச் சாட்சியாக அழைக்கவில்லை. பெண்கள் அவையில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். எச்சரிக்கைக் குறிப்பு மாத்திரையோடு வந்தது அதன் பிறகுதான்.

அளவு குறைந்தால் பலனும் குறையாதா என்று கேட்பது நியாயம். கருமுட்டை வெளிவராமல் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு புரோஜெஸ்டின் வகை ஹார்மோனுடையது. ஈஸ்ட்ரோஜன் அதற்குத் துணைநின்று, இடையில் ரத்தம் படுவதையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே பழைய அளவு தேவைக்கு மிஞ்சியது. ஆனால் சிறிய அளவு பலன் தர, தினமும் தவறாமல் சாப்பிட வேண்டும். ரத்தக்கட்டு பயம் இன்னும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மறைக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமாகாத பெண்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் சுமார் 2 பேருக்கு வருவது, லெவோநார்ஜெஸ்ட்ரல் சேர்ந்த மாத்திரை சாப்பிடுவோரில் 5 முதல் 7 பேருக்கு வருகிறது. கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்திலும் அந்த ஆபத்து இதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். இரண்டு பெற்றதும் ஆபரேஷன் செய்துகொண்டால் போயிற்றே என்பது நம் பக்கத்துப் பேச்சு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி தேடும் 22 வயதுப் பெண்ணுக்கு அது வழியாகாது. அவளுக்குத் தெரிந்து தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும்.

ஆகையால் மாத்திரை தொடங்கும் முன் அரசு மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். 35 வயதைக் கடந்து புகைப்பவர்கள், பார்வை மங்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேறு முறைகள் உண்டு. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகாதாரப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு பெண் தலைசுற்றுகிறது என்று சொன்னால், அதை அவள் பெயரோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.