பல்லில் இல்லாத வலி
(கொடுமுடியில் நிகழ்த்திய சொற்பொழிவு)

காவிரிக் காற்று கன்னத்தில் பட்டதும் மின்னல் வெட்டியது போன்ற வலி. முகம் கழுவினாலும் சோறு மென்றாலும் அதே துன்பம். சில விநாடிகளில் ஓய்ந்து, மீண்டும் வரும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே தோன்றும்.

இதனைப் பல்வலி என்றெண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொள்வோர் உண்டு, வலியோ நீங்குவதில்லை. குற்றம் பல்லில் அன்று, முக உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஐந்தாம் நரம்பில் உள்ளது. இரத்தக் குழாய் ஒன்று அதனை அழுத்துவதே பெரும்பாலும் காரணம்.

1962 முதல் இதற்குக் கார்பமாசிபைன் என்னும் மருந்து பயன்பட்டு வருகிறது. டாக்டர் சொற்படியே அதனை உண்ணவேண்டும். உடலில் தடிப்பு கண்டால் அன்றே அவரிடம் காட்டவேண்டும். மருந்துக்கு அடங்காவிடில் அறுவைச் சிகிச்சை உண்டு. முகம் மரத்துப்போனால் தாமதியாதீர்கள். வாய் கோணிக் கை சோர்ந்தால் அது பக்கவாதமாகலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனை ஊரார்க்கு எடுத்துரைப்பார்களாக.