இடம்பெயர்ந்தோரின் மனக்காயமும் நமது கடமையும்

 



உடலில் காயம்பட்டவரைக் கண்டால் ஓடிச் சென்று தூக்குகிறோம். மனத்தில் காயம்பட்டவரைக் கண்டால் ஒதுங்கிச் செல்கிறோம். ஷைத்தானின் கோளாறு என்கிறோம். ஈமானின் பலவீனம் என்கிறோம். வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சி அறைக்குள் மறைத்து வைக்கிறோம். ஊரையும் உறவையும் இழந்து வந்தவர்களிடம் இந்தக் காயம் மிகுதி. அதை எவ்வாறு காண வேண்டும், எவ்வாறு ஆற்ற வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

முஹாஜிர்களின் ஏக்கம்

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி), ஹஜ்ரத் பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் வீழ்ந்தார்கள். காய்ச்சல் சற்றுத் தணிந்தபோதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும், அங்கு மணம் வீசும் புல்லையும், அதன் மலைகளையும் நினைத்துக் கவிதை பாடி ஏங்கினார்கள். தம்மைச் சுடுமணலில் கிடத்திய ஊரை எண்ணித்தான் இந்த ஏக்கம்! அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதைத் தெரிவித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. மக்காவைப் போல மதீனாவையும் நேசத்திற்குரியதாக ஆக்குமாறு துஆச் செய்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

துஆவோடு அவர்கள் நின்றுவிடவுமில்லை. முஹாஜிர்களை அன்ஸார்களோடு சகோதரர்களாக இணைத்தார்கள். ஊரிழந்தவருக்குக் கூரையும், உணவும், தொழிலும், அண்ணன் தம்பி உறவும் ஒருசேரக் கிடைத்தன.

மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதை அருள்மறை எடுத்துரைக்கிறது. ஒரு நபியின் துயரத்தை ஈமானின் குறைவு என்று எவரேனும் கூறத் துணிவார்களா?

புத்தளம் தரும் பாடம்

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இலங்கையின் வட மாகாணத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. வீடு, கடை, நிலம், நகை அனைத்தையும் விட்டுவிட்டு 70,000க்கும் அதிகமானோர் வெறுங்கையோடு புறப்பட்டார்கள். பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தார்கள். சில மாதங்கள் என்று எண்ணி ஓலைக் குடிசைகளில் குடியேறியவர்களுக்கு அங்கேயே இருபது ஆண்டுகள் கழிந்தன.

அம்மக்களின் மனநிலை என்னவாயிற்று என்று கேட்டறிய முன்வந்தவர் செஸ்மல் சிறிவர்தன என்னும் இலங்கை மருத்துவ ஆய்வாளர். அவரும் அவருடைய குழுவினரும் 2011ஆம் ஆண்டு புத்தளத்தில் 450 பேரைச் சந்தித்து ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவு 2013இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடம், அதாவது ஐவரில் ஒருவரிடம், ஏதேனும் ஒரு பொதுவான மனநலக் குறைபாடு காணப்பட்டது. அவற்றுள் மிகுதியாக இருந்தது எது தெரியுமா? உடல் உபாதையாக வெளிப்படும் மனத்துயரம்! நூற்றுக்கு 14 பேரிடம் அது இருந்தது.

தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். தலைவலி, நெஞ்செரிச்சல், கை கால் குடைச்சல் என்று ஒரு பெண் மருத்துவர் மாற்றி மருத்துவரிடம் அலைகிறாள். எல்லாப் பரிசோதனையிலும் குறையில்லை என்றே வருகிறது. "நடிக்கிறாள்" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவள் நடிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தை அவளுடைய உடல் சொல்கிறது.

அந்த ஆய்வு மற்றோர் உண்மையையும் எடுத்துக் காட்டியது. வேலையின்மை, கணவனை அல்லது மனைவியை இழந்த தனிமை, அடுத்த வேளை உணவுக்கு உறுதியின்மை ஆகியவை உள்ள இடத்தில் இந்நோய்களும் கூடுதலாகக் காணப்பட்டன. பெருமக்களே, இம்மூன்றையும் நீக்கும் பொறுப்பு மருத்துவருடையது மட்டுமா? வேலை தேடித் தருவதும், விதவைக்குத் துணை நிற்பதும், பசித்தவருக்கு உணவளிப்பதும் ஜமாஅத்தின் கடமையல்லவா? அன்ஸார்கள் செய்தது இதைத்தானே!

அக்குழுவினர் கணக்கெடுப்பதோடு நின்றுவிடவில்லை. மனநல மருத்துவர்கள் அரிதாக உள்ள வட மாகாணத்தில், அடிப்படைச் சுகாதார நிலையங்களில் பணியாற்றும் மருத்துவர்களுக்கே மனநலச் சிகிச்சையில் பயிற்சியளிக்கும் பணியில் இறங்கினார்கள். செஸ்மல் சிறிவர்தன 2017இல் இளம் வயதிலேயே காலமானார். அவர் காட்டிய வழி நிலைத்திருக்கிறது: நோயாளி வாழும் இடத்துக்கே மருத்துவம் வர வேண்டும்.

சங்கிலி தீர்வாகாது

மருத்துவத்தை மறுத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் தமிழகத்திலேயே சாட்சி உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பியோட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. இன்று, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடை செய்கிறது. ஏர்வாடியிலேயே மருந்தும் துஆவும் ஒன்றாகக் கிடைக்கும்படி மருத்துவ ஏற்பாடும் செய்யப்பட்டது.

இது நமக்குப் புதிய வழியன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஜைத் அல்பல்கி (ரஹ்) என்னும் அறிஞர், உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். உடல் நோயுறுவதைப் போல உள்ளமும் நோயுறும், அதற்கும் சிகிச்சை உண்டு என்று விளக்கினார். நோயைத் தந்த இறைவன் அதற்கான நிவாரணத்தையும் தந்துள்ளான் என்பதே நபிகளாரின் போதனை. ஓதிப் பார்ப்பது கூடும்; ஓதுவதைக் காரணம் காட்டி மருந்தை நிறுத்துவது கூடாது.

நம் பள்ளத்தாக்கில்

தேனி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உண்டு. 1983க்குப் பின் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழகத்து முகாம்களிலேயே பிறந்து வளர்கிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரும், பிழைப்புத் தேடி வந்த வடமாநிலத்துத் தொழிலாளர்களும் நம் கண்முன் நடமாடுகிறார்கள். ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, எவரிடமும் பேசாமல் போய்விடும் அந்த இளைஞரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆகவே சில காரியங்களை இன்றே தொடங்குவோம். வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களையும், துணையிழந்த பெண்களையும் ஜமாஅத் நிர்வாகிகள் அறிந்து வைத்திருக்க வேண்டும். ஜகாத், ஸதகா வழங்கும்போது அவர்களின் உணவுக்கும் தொழிலுக்கும் முன்னுரிமை தர வேண்டும். முகாமில் வாழ்வோர் வேறு சமயத்தவராயினும் அண்டைவீட்டாரின் உரிமை அவர்களுக்கும் உண்டு. ஸதகாவும் உதவியும் அவர்களையும் சென்றடையட்டும். உறக்கமின்றி, உணவின்றி, எவரோடும் பேசாமல் வாரக்கணக்கில் ஒருவர் ஒடுங்கிக் கிடந்தால் தாமதிக்காதீர்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். சாவைப் பற்றி ஒருவர் பேசினால், "ஹராம்" என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள், உடனே மருத்துவரிடம் சேருங்கள்.

மார்க்கத் தீர்ப்புக் கேட்பதற்கு ஆலிமிடம் வருகிறீர்கள். அதுபோல நோய்க்கு மருத்துவரிடம் செல்லுங்கள். இரண்டும் அல்லாஹ் திறந்து வைத்த வாசல்களே.

யா அல்லாஹ்! ஊரிழந்தோருக்கு அமைதியான இருப்பிடத்தையும், உள்ளம் உடைந்தோருக்கு ஆறுதலையும், நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும் வழங்குவாயாக! அன்ஸார்களின் குணத்தை எங்கள் மஹல்லாக்களில் உயிர்ப்பிப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.