நிலவு வீட்டுக்கு எந்த மண்?

கதிர்வீச்சைத் தடுப்பது என்றதும் ஈயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆஸ்பத்திரி எக்ஸ்றே அறையில் மாட்டும் கனத்த மேலங்கியும் ஈயம்தான். ஆனால் நிலவில் மனிதர் மாதக்கணக்கில் தங்க ஒரு வீடு கட்டுவதென்றால், ஈயத்தை நம்பியவர் ஏமாந்து போவார்.

சீனாவின் சாங்-இ 4 கலம் 2019 ஜனவரியில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கியது. அதிலிருந்த ஜேர்மன் கருவி அளந்த கதிர்வீச்சு, நாளொன்றுக்குச் சுமார் 1.37 மில்லிசீவேட். பூமியில் ஒருவருக்கு இயற்கையாக வருடம் முழுவதும் கிடைப்பதே சராசரி 2.4தான். நாசா தன் விண்வெளி வீரருக்குப் பணிக்காலம் முழுமைக்கும் வைத்திருக்கும் எல்லை 600. மறைப்பில்லாமல் நிலவில் இருந்தால் ஒன்றே கால் வருடத்துக்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

சூரியன் சீறும்போது வருவது பெரும்பாலும் புரோத்தன்கள். 1972 ஓகஸ்டில் அப்படியொரு கடும் சீற்றம் வந்தது. அப்பொலோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, 17 டிசம்பரில்தான் போனது, நல்ல காலம்! இந்தப் புரோத்தன்களைத் தடுப்பது அவ்வளவு கடினமல்ல. அண்டவெளியிலிருந்து ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வரும் இரும்பு போன்ற கனத்த அணுக்கருக்கள்தான் பெருந்தொல்லை. அவை ஈயத்தில் மோதினால் ஈயத்தின் கருவும் சிதறும். நியூத்திரன்கள் உள்ளே தெறிக்கும். மறைப்பே கதிர்வீச்சை உண்டாக்குகிறது.

ஐதரசனில் இந்த வில்லங்கம் இல்லை. அதன் கரு ஒற்றைப் புரோத்தன், உடைய எதுவுமில்லை. ஒரே எடைக்கு ஒப்பிட்டால் அதைவிட நல்ல மறைப்பு வேறில்லை. ஆகையால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தின் உறங்கும் அறைகளில் பொலித்தீன் பலகைகள் பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். நம் தலைக்கு மேலுள்ள வளிமண்டலத்தின் எடையே பத்து மீற்றர் ஆழத் தண்ணீருக்குச் சமம்.

அவ்வளவு தண்ணீரை ரொக்கெட்டில் ஏற்றுவது நடக்கிற காரியமல்ல. எனவே நிலவின் மண்ணை இரண்டு மூன்று மீற்றர் தடிப்பில் வீட்டின்மேல் குவிக்கலாம் என்கிறார்கள். மெல்லிய போர்வை போதாது, நியூத்திரன் தொல்லை அதிலும் உண்டு. நிலவின் மேட்டு நிலத்தில் அனோர்த்தசைட் பாறையே மிகுதி. அதே இனப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதை இடித்துப் பொடியாக்கி, சந்திரயான் தரையிறக்கச் சோதனைகளுக்கு இஸ்ரோ போலி நிலவு மண் செய்தது.

இலங்கையிலிருந்து இதைப் பேச இன்னொரு காரணமும் உண்டு. நம் கிழக்குக் கரையில், திருகோணமலை தாண்டியிருக்கும் புல்மோட்டையின் கரிய மணலில் இல்மனைட் குவிந்து கிடக்கிறது. இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம் அது. அதைக் கலந்த கனக் கொங்கிறீற்று அணு உலைகளுக்கு நல்ல மறைப்பு. நாமோ இந்த மணலைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேற்றி வந்திருக்கிறோம். அது வேறு கதை.

அப்பொலோ 11 கொண்டுவந்த மாதிரிகளிலும் இல்மனைட் தாராளமாக இருந்தது. நிலவில் அதன் பயன் கனத்தில் இல்லை. ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் ஐதரசனைச் செலுத்தினால் அதிலுள்ள ஒட்சிசனில் ஒரு பங்கு பிரிந்து தண்ணீராகிறது. தாக்கம் முற்றுப்பெற்றால் 100 கிலோ இல்மனைட்டும் 1.3 கிலோ ஐதரசனும் சுமார் 12 கிலோ தண்ணீர் தரும். பூமியிலிருந்து சுமக்க வேண்டியது அந்த 1.3 கிலோவை மட்டுமே.

ஆனால் இல்மனைட் செறிந்திருப்பது நிலவின் கருமையான சமவெளிகளில். நாசா குறிவைத்திருக்கும் தென்துருவமோ சித்தம்பூண்டி வகை மேட்டு நிலம். அங்கே தண்ணீருக்கு வேறு வழி இருக்கிறது: சூரியனே படாத பள்ளங்களின் பனி. சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசா கருவியின் தரவுகளிலிருந்து 2018இல் அதை உறுதிப்படுத்தினார்கள். அதை வெட்டியெடுக்கும் இயந்திரம் ஏறத்தாழ மறை 200 பாகைக் குளிரில் வேலை செய்ய வேண்டும்.