மைக்கைக் கொடுத்த பிறகு

(நம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த மாணவர் பாராட்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் தேர்ச்சி பெற்ற அத்தனை பேருக்கும் வாழ்த்துகள். பரிசு கொடுக்கக் கூப்பிட்டவர்கள், பத்து நிமிடம் பேசவும் சொன்னார்கள். செயற்குழுவில் இப்போது விவாதத்தில் இருக்கும் ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

கடந்த குடியரசு தினத்தன்று ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி இந்த மேடையில் பேசினாள். வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் ஏன் சர்வீஸ் லிஃப்டில் மட்டும் போக வேண்டும், அவர்களுக்குக் கீழே ஒரு கழிப்பறை ஏன் இல்லை என்று கேட்டாள். மொத்தம் இரண்டு நிமிடம். சிலர் கைதட்டினார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். அதன் பிறகு ஒரு யோசனை வந்திருக்கிறது. ஆகஸ்ட் 15 விழாவிலிருந்து, பிள்ளைகள் பேசப்போவதை முன்கூட்டியே எழுதி வாங்கி, கமிட்டி திருத்திக் கொடுக்க வேண்டுமாம்.

விழா மேடையில் இளையவர்களை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்ற கேள்வி பெரிய இடங்களிலும் வந்திருக்கிறது. மூன்று பட்டமளிப்பு விழாக்களைச் சொல்கிறேன்.

2025 ஆகஸ்ட் 13 அன்று திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆளுநர் ஆர்.என். ரவி பட்டங்களை வழங்கினார். முனைவர் பட்டம் பெற வந்த ஒரு பெண், ஆளுநரைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் நின்ற துணைவேந்தரிடம் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். ஆளுநர் தமிழுக்கும் தமிழ்நாட்டுக்கும் எதிராக நடப்பதாகப் பிறகு காரணம் சொன்னார். அவர் செய்தது சரி என்பவர்களும் தவறு என்பவர்களும் இந்த ஹாலிலேயே இருப்பீர்கள். அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. விழா நிற்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். அடுத்தவர் வந்தார், பட்டம் வாங்கினார்.

அதற்கு முன், 2023 ஜூனில், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் ஆளுநர் கலந்துகொள்ளும் பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு உடையில் வரக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் 2019 டிசம்பர் 23 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் சிறப்பு விருந்தினர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நாடெங்கும் போராட்டம் நடந்த நேரம். வெகுஜனத் தொடர்பியலில் தங்கப் பதக்கம் பெற வந்த மாணவியை, அவர் எதுவும் செய்வதற்கு முன்பே, அரங்கத்துக்கு வெளியே அழைத்துப் போனார்கள். குடியரசுத் தலைவர் கிளம்பிய பிறகுதான் உள்ளே விட்டார்கள் என்றும், காரணம் சொல்லவில்லை என்றும் அவர் சொன்னார். மேடையேறிச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு பதக்கத்தை மறுத்துவிட்டார்.

திருநெல்வேலியில் சில நொடிகளில் கடந்துபோன விஷயம், புதுச்சேரியில் தடுக்கப் போய்ப் பெரிதானது.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் நம் உச்ச நீதிமன்றமே வழி காட்டியிருக்கிறது. 1985இல் கேரளத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பிலிருந்து புரிந்துகொள்கிறோம்.

அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த மாணவர்களைப் பள்ளி சஸ்பெண்ட் செய்தது. 1969இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பார்த்தது, பள்ளி நடப்பதற்கு உண்மையில் இடைஞ்சல் வந்ததா என்பதைத்தான். வரவில்லை என்பதால் மாணவர்கள் பக்கம் தீர்ப்பு. அதே நீதிமன்றம் 1986இல், பள்ளிக் கூட்டத்தில் ஆபாசமான சாடைப் பேச்சு பேசிய மாணவனைத் தண்டித்தது சரி என்றும் சொன்னது. ஆகவே விழாவை நடத்துகிறவர்களுக்கு அதிகாரமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நேரம், வரிசை, நாகரிகம் ஆகியவை நடத்துகிறவர்கள் கையில் இருக்கலாம். கருத்து பேசுகிறவருடையது.

நம் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு முக்கியமாக அரசை நோக்கி எழுதப்பட்டது. தனியார் பள்ளிகளிலும், நம்மைப் போன்ற சங்கங்களிலும், இதை நாமேதான் பார்த்துச் செய்ய வேண்டும். யூ.கே.ஜி. முடித்த குழந்தைக்கே கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் பட்டமளிப்பு விழா எடுக்கிற ஊர் நம்முடையது. அங்கியை இவ்வளவு சீக்கிரம் மாட்டிவிடுகிறோம். சொந்தமாக யோசித்து இரண்டு வார்த்தை பேசினால் மட்டும் பதறலாமா?

செயற்குழுவுக்கு என் யோசனை இது. எழுதித் திருத்தும் முறை வேண்டாம். விதியை முன்கூட்டியே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்: ஆளுக்கு மூன்று நிமிடம். எந்தக் குடியிருப்பாளரையும் ஊழியரையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது. சாதி, மதம் சொல்லி இழிவுபடுத்தக் கூடாது. இந்த விதி பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சிறப்பு விருந்தினருக்கும் ஒன்றே. ஒருவருக்கு மைக் மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். பேசியது பிடிக்காவிட்டால், பதில் சொல்ல இன்னொருவருக்கும் மூன்று நிமிடம் கொடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை பேசியதற்காக அப்பாவை வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்பதும், பார்க்கிங்கில் நிறுத்தி விசாரிப்பதும் ஒருவகைத் தணிக்கைதான். மேடையில் சொன்னதற்கு மேடையில் பதில் சொல்வோம்.

அந்தப் பெண் கேட்ட கழிப்பறைக்கு இன்னும் பதில் வரவில்லை. எவ்வளவு செலவாகும், எந்த இடத்தில் கட்டலாம், ஏன் முடியாது என்று எதுவானாலும் அடுத்த பொதுக்குழுவில் சொல்லலாமே. பொருள் பட்டியலில் சேர்க்கும்படி செகரட்டரி சாரிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்த லிஃப்ட் விஷயத்தையும் சேர்த்து.