பெரும்பான்மையின் கையில் ஒரு வாக்குச்சீட்டு

(மாணவர் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



2023இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதா ஒன்று சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. எஸ்.பி. 403 என்று அதற்குப் பேர். கடல் கடந்து போனவன் பெட்டியிலேயே சாதியும் போயிருக்கிறது என்பதை அங்குள்ள தலித்துகள் எடுத்துச் சொன்னார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். அக்டோபர் மாதம் கவர்னர் நியூசம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஏற்கெனவே இருக்கிற சட்டமே போதும் என்றார். இந்தப் பேச்சு நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை.

இதையொட்டி ஒரு கேள்வி வருகிறது. அந்த மாநிலத்தில்தான் மக்களே நேரடியாகச் சட்டம் போடுகிற வழி இருக்கிறதே, கவர்னர் மறுத்ததை மக்களிடம் கொண்டுபோனால் என்ன? நம்ம நாட்டிலும் அப்படி ஒரு முறை வேண்டும் என்று கேட்டால் என்ன? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த முறை ஒடுக்கப்பட்டவர்களுக்கு என்ன செய்தது என்று பார்க்காமல் நாம் பதில் சொல்லக்கூடாது.

முதலில் அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கலிபோர்னியாவில் 1911இல் இந்த முறை வந்தது. ரயில்வே கம்பெனி சட்டமன்றத்தையே சட்டைப்பையில் வைத்திருந்த காலம் அது. அதற்கு எதிராகத்தான் வந்தது. கடைசியாக நடந்த கவர்னர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீத அளவுக்குக் கையெழுத்து வாங்கினால், ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். அரசியல் சட்டத்தையே திருத்த 8 சதவீதம். 2022 தேர்தல் கணக்குப்படி 5 சதவீதம் என்பது 5,46,651 கையெழுத்து. அதை 180 நாளில் வாங்கணும். பாதிக்கு மேல் 'ஆம்' விழுந்தால் சட்டம். கவர்னர் அதை மறுக்க முடியாது.

இப்போ வரலாற்றுக்கு வருவோம். 1963இல் ரம்ஃபோர்டு என்கிற கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் பெயரில் ஒரு சட்டம் வந்தது. நிறத்தைக் காட்டி வீடு தர மறுக்கக்கூடாது என்றது அது. வீட்டுமனை வியாபாரிகளின் சங்கம் கையெழுத்து வாங்கியது. 1964இல் 'முன்மொழிவு 14' வாக்குச்சீட்டில் ஏறியது. 'யாருக்கு வீடு கொடுப்பது என்பது வீட்டுக்காரன் இஷ்டம்' என்பதுதான் அதன் சாரம். சுமார் 65 சதவீதம் பேர் 'ஆம்' போட்டார்கள். சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜான்சனை அதே நாளில், அதே வாக்குச்சாவடியில் பெருவாரியாக ஜெயிக்க வைத்தவர்களும் அவர்கள்தான்! நாட்டுக்குச் சமத்துவம் வேண்டும், என் தெருவுக்கு வேண்டாம். இதை நாம் எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம்! கடைசியில் 1967இல் உச்சநீதிமன்றம் அந்த முன்மொழிவு செல்லாது என்றது. அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில்.

அடுத்தது 1996. 'முன்மொழிவு 209'. அரசு வேலையிலும் கல்வியிலும் இனத்தைக் கணக்கில் எடுத்துச் சலுகை தரக்கூடாது என்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சிவில் உரிமை முன்முயற்சி'. முன்னால் நிறுத்தப்பட்டவர் வார்ட் கானர்லி என்கிற கறுப்பர். ஒடுக்கப்பட்டவனின் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள், ஆளையும் எடுத்துக்கொண்டார்கள். 54 சதவீதத்துக்கு மேல் வாங்கி நிறைவேறியது. பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலும் 1998இல் கறுப்பின மாணவர் சேர்க்கை மளமளவென்று சரிந்தது. அதை நீக்கச் சொல்லி 2020இல் மறுபடி மக்களிடம் போனபோது சுமார் 57 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள். இங்கே இடஒதுக்கீட்டை இப்படி ஒரு வாக்கெடுப்பில் வைத்தால் முடிவு என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தையும் பார்க்கணும். அதே 2020இல் ஊபர், லிஃப்ட் மாதிரியான கம்பெனிகள், ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்று ஏற்காமல் இருக்க 'முன்மொழிவு 22'க்கு 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி ஜெயித்தன. முதலாளியைக் கட்டுப்படுத்த வந்த ஆயுதம் முதலாளி கைக்கே போனது.

அப்படியானால் இந்த முறையே வேண்டாமா? அவசரப்படாதீங்க. புளோரிடாவில் நடந்ததையும் சொல்லணும். அங்கே தண்டனை பெற்றவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும், வாக்களிக்க முடியாமல் இருந்தது. அடிமைமுறை ஒழிந்த கையோடு வந்த தடை அது. டெஸ்மண்ட் மீட் என்கிற, தானே சிறைக்குப் போய் வந்த கறுப்பர் முன்நின்று லட்சக்கணக்கில் கையெழுத்து திரட்டினார். பாதிக்கப்பட்ட ஏழை வெள்ளையர்களையும் சேர்த்துக்கொண்டார். 2018இல் 60 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் 64 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. சுமார் 14 லட்சம் பேருக்கு வழி திறந்தது. மறு வருஷமே சட்டமன்றம், அபராதம் கட்டணமெல்லாம் கட்டினால்தான் ஓட்டு என்று சட்டம் போட்டு, பாதிக் கதவை மூடியது. மக்கள் கொடுத்ததைப் பிரதிநிதிகள் பிடுங்கினார்கள்.

ஆக, நேரடியா பிரதிநிதி வழியா என்பதல்ல நம் பிரச்சினை. யார் எண்ணிக்கையில் அதிகம், யார் கையில் பணம், எதை வாக்கெடுப்பில் வைக்கலாம் என்பதுதான் பிரச்சினை. 1932இல் அண்ணல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதிக்காக வாதாடியது ஏன்? நம் பிரதிநிதியை ஊர் தேர்ந்தெடுத்தால் அவர் ஊருக்குத்தான் பதில் சொல்வார் என்பதால். சட்டம் இருந்தும் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996 முதல் 2006 வரை தனிப் பஞ்சாயத்துத் தேர்தலை ஒழுங்காக நடக்க விட்டார்களா? மேலவளவில் ஜெயித்த முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்களே! ஊர் கூடிக் கை தூக்கினால் அது ஜனநாயகம் ஆகிவிடாது.

அதனால் என் கருத்து இது. கூலி, நிலம், தகவல், ஊழல் மாதிரி விஷயங்களில் மக்கள் கையெழுத்து திரட்டிச் சட்டம் கேட்கும் உரிமையை நாம் ஆதரிக்கலாம். கம்பெனிப் பணத்துக்கு உச்சவரம்பு வைத்தால் மட்டும். ஒரு சிறுபான்மையின் அடிப்படை உரிமையை எந்த வாக்கெடுப்பிலும் வைக்கக்கூடாது என்ற பூட்டு முதலிலேயே போடப்பட வேண்டும். கலிபோர்னியாத் தோழர்களுக்கும் இதுதான் பதில்: சாதித் தடைச் சட்டத்தை மறுபடி சட்டமன்றத்தில் கேளுங்கள், நீதிமன்றத்தில் கேளுங்கள். சியாட்டில் நகரமன்றம் 2023 பிப்ரவரியில் கொடுத்தது போல நகரம் நகரமாகக் கேளுங்கள். வாக்குச்சீட்டில் அதை ஏற்றினால், தோற்கிற அன்று 'மக்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்' என்ற முத்திரை நம் நெற்றியில் விழும்.

நாம் மனுஷனா இல்லையா என்பதற்கு யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்லை. இதில் மாறுபடுகிறவர்கள் இங்கேயே பேசுங்கள், விவாதிப்போம்.